விடைபெறும் நாளின் பேச்சு

அரசுப் பணியிலிருந்தோ பொதுப் பதவியிலிருந்தோ ஓய்வு பெறுகிறவர் கடைசி நாளில் பேசுவதைத் தமிழ்நாட்டு அழைப்பிதழ்கள் ‘ஏற்புரை’ என்று குறிப்பிடுகின்றன. வாழ்த்துரைகள் எல்லாம் முடிந்த பிறகு, நன்றியுரைக்கு முன்னால் அது வரும். பாராட்டை ஏற்றுக்கொண்டு நாலு வார்த்தை நன்றி சொல்வதோடு அதன் வேலை முடிந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். நன்றி அதில் ஒரு பகுதி மட்டுமே. பொறுப்பை நடத்திய விதத்துக்குக் கணக்குச் சொல்வது, நேர்ந்த தவறுகளுக்குப் பொறுத்துக்கொள்ளும்படி கேட்பது, அடுத்து வருபவர் தெரிந்துகொள்ள வேண்டியதைச் சொல்லிவிட்டுப் போவது ஆகியவையும் காலங்காலமாக இந்த உரையின் வேலைகள். அவற்றுள் மூத்தது கணக்குச் சொல்வதுதான்.

பழைய ஏற்பாட்டில் இஸ்ரயேலரை வழிநடத்தி முதுமையடைந்த சாமுவேல் மக்களைக் கூட்டிப் பேசும் இடம் இதற்குப் பழைய எடுத்துக்காட்டு. தான் யாருடைய மாட்டையாவது, கழுதையையாவது எடுத்துக்கொண்டதுண்டா, யாரிடமாவது கைக்கூலி வாங்கியதுண்டா என்று அவர் வரிசையாகக் கேட்கிறார். இல்லை என்று மக்கள் சாட்சி சொன்ன பிறகே அறிவுரைக்கு வருகிறார். பண்டைய ஏதென்ஸ் நகர அரசு இதைச் சட்டமாகவே வைத்திருந்தது. பதவிக்காலம் முடிந்த ஒவ்வோர் அதிகாரியும் தணிக்கையாளர்கள் முன் வரவு செலவைக் காட்ட வேண்டும். எந்தக் குடிமகனும் எழுந்து குற்றம் சாட்டலாம். கணக்கு ஒப்புக்கொள்ளப்படும் வரை அவர் நாட்டை விட்டு வெளியே போக முடியாது.

ரோமில் ஆண்டுதோறும் பதவி மாறும் கான்சல்கள், கடைசி நாளன்று மக்கள் முன் நின்று, சட்டத்துக்கு உட்பட்டு நடந்துகொண்டதாக உறுதிமொழி எடுத்துவிட்டு உரையாற்றுவார்கள். கி.மு. 63இல் கான்சலாக இருந்த சிசரோவுக்கு அந்த வாய்ப்பு மறுக்கப்பட்டது. அரசைக் கவிழ்க்க நினைத்த கேட்டிலைனின் சதியில் பங்குகொண்டவர்களை விசாரணையின்றிக் கொல்லவைத்தவர் மக்களிடம் பேசக்கூடாது என்று மெட்டலஸ் நெப்போஸ் என்ற மக்கள் பிரதிநிதி தடுத்தார். உறுதிமொழியை மட்டும் சொல்லிவிட்டு இறங்கலாம் என்றார். மேடையேறிய சிசரோ வழக்கமான வாசகத்தை விட்டுவிட்டு, நாட்டையும் நகரத்தையும் தான் காப்பாற்றியதாகச் சத்தியம் செய்தார். கூட்டமும் அதை ஆமோதித்துச் சத்தியம் செய்தது என்று அவரே பின்னர் கடிதத்தில் எழுதியிருக்கிறார். விடைபெறும் பேச்சைத் தடுக்கும் அளவுக்கு எதிரிகள் அஞ்சினார்கள் என்பதிலிருந்தே அந்தப் பேச்சுக்கு இருந்த எடை விளங்கும். அடுத்த நாள் அவர் கையில் அதிகாரம் இல்லை. ஆனால் அன்று அவர் சொல்வது மக்கள் நினைவில் நின்றுவிடும்.

நவீன காலத்தில் இந்த வகைக்கு முன்மாதிரியாக நிற்பது அமெரிக்காவின் முதல் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டனின் விடைபெறும் உரை. அது பேசப்படவே இல்லை. 1796 செப்டம்பர் 19 அன்று பிலடெல்பியாவில் டேவிட் கிளேபூல் நடத்திய நாளிதழில் மக்களுக்கு எழுதிய கடிதமாக அச்சேறியது. அன்றைக்கே வாஷிங்டன் ஊரை விட்டுத் தம் பண்ணை வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். உரைக்குப் பின்னால் நீண்ட வேலை இருந்தது. முதல் பதவிக்காலத்தின் முடிவிலேயே விலகிவிட எண்ணி, 1792இல் ஜேம்ஸ் மாடிசனிடம் ஒரு வரைவு எழுதி வாங்கியிருந்தார். இரண்டாம் முறையும் பதவியேற்க வேண்டி வந்ததால் அதை எடுத்து வைத்துவிட்டு, நான்கு ஆண்டு கழித்து அலெக்சாண்டர் ஹாமில்டனிடம் கொடுத்து விரிவாக்கச் சொன்னார். இடைப்பட்ட காலத்தில் மாடிசனும் ஹாமில்டனும் எதிரெதிர் முகாம்களுக்குப் போயிருந்தார்கள். ஹாமில்டன் எழுதித் தந்ததை வாஷிங்டன் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. வெட்டியும் சேர்த்தும் 32 பக்கங்களில் தம் கையாலேயே எழுதினார். சுமார் 6,000 சொற்கள்.

மீண்டும் போட்டியிடப் போவதில்லை என்ற அறிவிப்போடு அது தொடங்குகிறது. தேர்தல் நெருங்கிவிட்ட நேரத்தில் நாட்டுக்கு உடனடியாகத் தெரிய வேண்டிய செய்தி அதுதான். இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், ஆனால் மக்களின் நலத்தில் உள்ள அக்கறை நிறுத்த விடவில்லை என்று சொல்லிவிட்டு எச்சரிக்கைகளுக்குள் நுழைகிறார். மாநிலங்களின் ஒற்றுமை குலைந்துவிடக்கூடாது, கட்சிப் பகை அரசைக் கைப்பற்றிவிடக்கூடாது, நாட்டின் கடன் நாணயம் கெடக்கூடாது, வெளிநாடுகளோடு நிரந்தரக் கூட்டு வைத்துக்கொள்ளக்கூடாது. நாட்டைச் சிக்கவைக்கும் கூட்டணிகள் என்று அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் தொடர் இந்த உரையில் கிடையாது. அது 1801இல் அதிபரான ஜெபர்சன் சொன்னது. முடிவில் வாஷிங்டனின் குரல் தணிகிறது. தெரிந்து செய்த தவறு எதுவும் தம் நினைவில் இல்லை, ஆனாலும் தம் குறைகளை அறிந்திருப்பதால் பல தவறுகள் செய்திருக்கக்கூடும் என்கிறார். 45 ஆண்டு உழைப்பைக் கருதி நாடு அவற்றை மறந்துவிடும் என்று நம்புவதாக எழுதுகிறார். நாட்டின் முதல் மனிதராக இருந்தவர் இப்படி எழுதியதால், பின்வந்தவர்களுக்கும் மன்னிப்புக் கேட்பது கௌரவக் குறைச்சலாகத் தோன்றவில்லை.

அந்த உரைக்குக் கிடைத்த மறுவாழ்வும் கவனிக்கத்தக்கது. 1862இல், உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோது, நாட்டின் மனவுறுதிக்காக அது நாடாளுமன்றத்தில் வாசிக்கப்பட்டது. 1896 முதல் ஆண்டுதோறும் வாஷிங்டன் பிறந்தநாளை ஒட்டி செனட் அவையில் வாசிக்கப்படுகிறது. இரண்டு கட்சி உறுப்பினர்களும் முறை வைத்து வாசிக்கிறார்கள். வாசித்தவர் கறுப்புத் தோல் அட்டை போட்ட ஏடு ஒன்றில் கையெழுத்திட்டுச் சில வரிகள் எழுதிவைப்பார். கட்சிப் பகை பற்றிய எச்சரிக்கையைக் கட்சிகளே மாறி மாறி வாசிக்கும் ஏற்பாடு அது. பதவியை விட்டுப் போனவரின் சொல்லுக்கு இப்படி ஒரு நிலையான மேடை வேறெங்கும் கிடைப்பது அரிது.

வாஷிங்டனின் உரைக்குச் சுமார் 164 ஆண்டுகள் கழித்து அதே பதவியிலிருந்து விலகிய ஐசன்ஹோவர், 1961 ஜனவரி 17 இரவு தொலைக்காட்சியில் கால் மணி நேரம் பேசினார். பதவி முடிய மூன்று நாள் இருந்தது. இராணுவமும் ஆயுதத் தொழிலும் சேர்ந்து அளவுமீறிய செல்வாக்குப் பெற்றுவிடும் ஆபத்தைப் பற்றி அவர் சொன்னது உலகம் முழுவதும் பரவியது. அதே உரையில் இருந்த வேறு இரண்டு எச்சரிக்கைகள் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அரசின் கொள்கை அறிவியல் தொழில்நுட்பத் துறையின் சிறு கூட்டம் ஒன்றுக்குக் கைதியாகிவிடக்கூடாது என்பது ஒன்று. இன்றைய வசதிக்காக நாளைய தலைமுறையின் வளத்தைச் சூறையாடக்கூடாது என்பது மற்றொன்று. இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைகளை நடத்திய தளபதியின் வாயிலிருந்து வந்ததால்தான் இராணுவம் பற்றிய சொல்லுக்கு அவ்வளவு வலு. வேறொருவர் சொல்லியிருந்தால் அனுபவமில்லாத பேச்சு என்று தள்ளியிருப்பார்கள். ஆனால் எட்டு ஆண்டு அதிகாரம் கையில் இருந்தபோது செய்யாததை மூன்று நாள் மிச்சம் இருக்கும்போது சொல்வதில் என்ன பயன் என்ற கேள்வியும் நியாயமானதே. விடைபெறும் உரையின் வலுவும் பலவீனமும் ஒரே இடத்திலிருந்து பிறக்கின்றன. பேசுபவருக்கு இனி இழக்க ஒன்றும் இல்லை. செய்து காட்டவும் நேரம் இல்லை.

பிரிட்டன் தன் தூதர்களுக்கு இதையே எழுத்தில் அனுமதித்தது. ஒரு நாட்டிலிருந்து விடைபெறும் தூதர், தாம் கண்டதையும் கருதுவதையும் மனம்விட்டு ஓர் அறிக்கையாக எழுதி வெளியுறவு அமைச்சகத்துக்கு அனுப்புவார். அது துறைக்குள் பலரிடம் சுற்றுக்கு விடப்படும். 1979 மார்ச் மாத இறுதியில் பாரிஸிலிருந்து ஓய்வு பெற்ற நிக்கலஸ் ஹெண்டர்சன், பிரான்சையும் ஜெர்மனியையும் விடப் பிரிட்டன் எந்த அளவுக்குப் பின்தங்கிவிட்டது என்று புள்ளிவிவரங்களோடு எழுதினார். சில வாரங்களில் அது ‘எகனாமிஸ்ட்’ இதழில் வெளிவந்துவிட்டது. புதிதாகப் பிரதமராகியிருந்த மார்கரெட் தாட்சர், ஓய்வு பெற்றுவிட்ட அவரையே திரும்ப அழைத்து வாஷிங்டனுக்குத் தூதராக அனுப்பினார். இந்த வழக்கம் 2006இல் கைவிடப்பட்டது. ரோமிலிருந்து விடைபெற்ற ஐவர் ராபர்ட்ஸ், அமைச்சகத்தின் மேலாண்மைச் சொல்லாடல்களையே கடுமையாகச் சாடி எழுதியிருந்த ஆண்டு அது. உள்ளுக்குள் வெளிப்படையாகப் பேச ஒரு வாசல் இருந்ததை ஒரு துறை தானே அடைத்துக்கொண்டது பெரிய இழப்பு.

இந்தியாவில் குடியரசுத் தலைவர் பதவி முடிவதற்கு முந்தைய மாலை வானொலியிலும் தொலைக்காட்சியிலும் நாட்டு மக்களிடம் பேசுவது மரபு. ஆண்டின் முதல் நாடாளுமன்றக் கூட்டத்தொடரின் தொடக்கத்தில் அவர் வாசிப்பது அரசு தயாரித்துக் கொடுக்கும் உரை. விடைபெறும் உரையோ அவருடைய சொந்தக் குரலுக்கு மிக அருகில் வருவது. அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடக்கக் கடமைப்பட்டவர் என்பதால், அதில் குறை சொல்வதற்கென்றே ஒரு மொழி உருவாகியிருக்கிறது. யாரையும் பெயர் சொல்லிச் சுட்டுவதில்லை. கொள்கையைச் சொல்லி நிறுத்திவிடுவார்கள். 2017 ஜூலை 23 அன்று நாடாளுமன்ற மைய மண்டபத்தில் நடந்த பிரிவு விழாவில் பிரணாப் முகர்ஜி, அவசரச் சட்டங்களைத் தவிர்க்க முடியாத நிலையில் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்றார். அவை முடங்குவதால் அதிகம் இழப்பது எதிர்க்கட்சிதான் என்றும் சேர்த்துக்கொண்டார். முன்னது ஆளுங்கட்சிக்கு, பின்னது எதிர்க்கட்சிக்கு. நாடாளுமன்றத்தில் நீண்ட காலம் உறுப்பினராக இருந்தவர் இரண்டு பக்கமும் சமமாகப் பார்த்துச் சொன்ன சொல் அது. மறுநாள் மாலை மக்களுக்கு ஆற்றிய உரையில் பன்முகத்தன்மையும் சகிப்பும்தான் இந்தியாவின் ஆன்மா என்றார். நாட்டுக்குக் கொடுத்ததை விட நாட்டிடமிருந்து பெற்றது அதிகம் என்றும் சொன்னார்.

இதைவிடச் சற்றுத் துணிச்சலாகப் பேச ரிசர்வ் வங்கி ஆளுநரால் முடிந்தது. வட்டி விகிதம் தொடர்பாக நிதி அமைச்சகத்தோடு முரண்பட்டிருந்த டி. சுப்பாராவ், பதவி முடிய ஒரு வாரம் இருந்தபோது, 2013 ஆகஸ்ட் 29 அன்று மும்பையில் நானி பல்கிவாலா நினைவுச் சொற்பொழிவு ஆற்றினார். ஐந்தாண்டுக் கணக்கை விரிவாகச் சொல்லிவிட்டு, மத்திய வங்கியின் தன்னாட்சிக்கு வந்தார். ஜெர்மன் மத்திய வங்கி தம்மை அடிக்கடி எரிச்சலூட்டியதுண்டு, ஆனாலும் அது இருப்பதற்குக் கடவுளுக்கு நன்றி என்று ஜெர்மன் அதிபர் ஷ்ரோடர் சொன்னதாக நினைவூட்டினார். ரிசர்வ் வங்கியைப் பற்றி நிதி அமைச்சர் சிதம்பரமும் ஒருநாள் அதேபோலச் சொல்வார் என்று நம்புவதாக முடித்தார். அமைச்சரின் பெயரைச் சொல்லியும் மரியாதை குறையவில்லை. கருத்து வேறுபாட்டை ஒளிக்கவும் இல்லை. ஓய்வு பெறும் அதிகாரிகள் படித்துப் பார்க்க வேண்டிய உரை.

நீதிமன்றங்களில் விடைபெறும் நாள் ஒரு சடங்காகவே அமைந்துவிட்டது. ஓய்வு பெறும் உச்ச நீதிமன்ற நீதிபதி கடைசி வேலை நாளில் தலைமை நீதிபதியோடு முதல் நீதிமன்ற அறையில் அமர்வார். அட்டர்னி ஜெனரலும் வழக்கறிஞர் சங்கத் தலைவரும் பேசுவார்கள். மாலையில் சங்கம் தனியே விழா எடுக்கும். உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர் பிறகு இந்தியாவின் எந்த நீதிமன்றத்திலும் வாதாட முடியாது என்பது அரசமைப்புச் சட்டத்தின் 124ஆம் பிரிவு. வக்கீலாகத் தொடங்கி வாழ்நாளெல்லாம் நீதிமன்றத்தில் கழித்தவருக்கு அந்த அங்கியோடு பேசுவது அதுவே கடைசி முறை. கண்கள் கலங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்த நாளில் உண்மையும் வெளிவருகிறது. 2020 மே 6 அன்று, கொரோனா ஊரடங்கில் காணொலி வழியே முதன்முறையாக விடைபெற்ற நீதிபதி தீபக் குப்தா, சட்டங்களும் சட்ட அமைப்பும் பணம் படைத்தவர்களுக்கும் செல்வாக்குள்ளவர்களுக்கும் சாதகமாக இருக்கின்றன என்று சொன்னார். 2022 ஆகஸ்ட் 26 அன்று தலைமை நீதிபதி என்.வி. ரமணா, வழக்குகளைப் பட்டியலிடும் விஷயத்தில் போதிய கவனம் செலுத்த முடியாமல் போனதற்கு வருத்தம் தெரிவித்தார். 2024 நவம்பர் 8 அன்று தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட், யார் மனதையாவது புண்படுத்தியிருந்தால் மன்னிக்க வேண்டும் என்று கேட்டு, சமணர்கள் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்கும் சொல்லையே பயன்படுத்தினார். இந்த மூன்றில் ரமணாவின் வருத்தம் தனித்துத் தெரிவதற்குக் காரணம், அது எதற்கென்று குறிப்பாகச் சொல்லப்பட்டது. தேதி கிடைக்காமல் மாதக்கணக்கில் காத்திருந்த வழக்காடிக்கு அந்த ஒரு வரி புரியும். பொதுவாகக் கேட்கும் மன்னிப்பு பேசுபவரின் மனதை இலேசாக்கும். குறிப்பாகக் கேட்கும் மன்னிப்பு பாதிக்கப்பட்டவருக்குச் சேரும்.

பேசுபவர் இனி எதையும் எதிர்பார்க்கவில்லை என்ற நம்பிக்கை இருந்தால்தான் இந்த உரைகளுக்கு மதிப்பு. ஓய்வுக்குப் பின் அரசு தரும் பதவிக்குப் போகக்கூடியவர் பேசுகிறார் என்ற ஐயம் எழுந்தால் எவ்வளவு நல்ல சொல்லும் எடை இழந்துவிடும். 2025 மே 13 அன்று ஓய்வு பெற்ற தலைமை நீதிபதி சஞ்சீவ் கன்னா, ஓய்வுக்குப் பின் எந்த அரசுப் பதவியையும் ஏற்கப் போவதில்லை என்று அன்றைக்கே அறிவித்தார். சொல்லோடு செயலும் சேரும்போது அந்த நம்பிக்கை இன்னும் கூடும். கடைசி நாளில் தீர்ப்பு எழுதாமல் இருக்கும் வழக்கத்தில் தமக்கு உடன்பாடில்லை என்று சொன்ன நீதிபதி அபய் ஓகா, அதே மாதம் தாயை இழந்து இறுதிச் சடங்குக்குப் போய்த் திரும்பி, கடைசி வேலை நாளில் 11 தீர்ப்புகளை வழங்கினார்.

தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் இந்த நாள் மாதத்தின் கடைசித் தேதியில் வரும். ஊழியர் பிறந்த மாதம் முடியும்போது, அன்று பிற்பகல் ஓய்வு; ஒன்றாம் தேதி பிறந்தவர் என்றால் முந்தைய மாதக் கடைசி நாளே ஓய்வு. 58ஆக இருந்த வயது 2020இல் 59ஆகவும் 2021இல் 60ஆகவும் உயர்ந்தது. கூட்ட அறையில் பிளெக்ஸ் பேனர், மாலை, சால்வை, நினைவுப் பரிசு, குடும்பத்தாருக்கு முன்வரிசை நாற்காலி. சங்க நிர்வாகிகள், சக ஊழியர்கள், பக்கத்து அலுவலகத்தார் என்று ஒவ்வொருவராகப் பேசிய பின் மைக் ஓய்வு பெறுபவரிடம் வரும். மேடையில் இருப்பவர்களைப் பதவி வரிசைப்படி விளித்து முடிப்பதற்கே சில நிமிடங்கள் ஆகிவிடும்.

அந்த உரைகளில் அடிக்கடி கேட்கும் ஒரு வரி, கடைசி நாள் வரை மெமோ வாங்காமல், 17பி இல்லாமல் வந்து சேர்ந்தேன் என்பது. வெளியாருக்கு இது சாதாரணமாகப் படலாம். ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் 17பி என்பது கடுமையான குற்றச்சாட்டுக்குரிய பிரிவு. அது நிலுவையில் இருந்தால் ஓய்வூதியப் பலன்கள் முழுதாகக் கைக்கு வராது. ஓய்வு பெறும் நாளிலேயே தற்காலிகப் பணிநீக்க ஆணை வந்து, விழாவே நடக்காமல் போன கதைகள் எல்லாத் துறையிலும் உண்டு. அந்த நடைமுறை தவிர்க்கப்படும் என்று 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. முப்பது வருடம் கோப்புகளில் கையெழுத்துப் போட்டவர் அந்த வரியைச் சொல்லும்போது, கூடியிருப்பவர்கள் கைதட்டுவது அந்த அச்சத்தை அவர்களும் அறிந்திருப்பதால்தான். சாமுவேல் கேட்ட கேள்விக்கும் இதற்கும் உறவு நெருக்கமானது.

இந்த ஏற்புரைகளில் மனத்தாங்கல்கள் எழுவாய் இல்லாமல் வருகின்றன. ‘சில நெருக்கடிகள் வந்தன’, ‘சில சங்கடங்கள் இருந்தன’ என்பார்கள். யார் கொடுத்த நெருக்கடி என்பது வெளியே வராது. நன்றி மட்டும் பெயர்களோடு வரும்: முதன்முதலில் வேலை கற்றுக்கொடுத்த கண்காணிப்பாளர், வெள்ளத்தின்போது இரவெல்லாம் கூட நின்ற ஓட்டுநர், தேநீர் வாங்கி வந்த அலுவலக உதவியாளர், நேரம் காலம் பார்க்காமல் போனபோது பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட துணைவியார். அந்தக் கடைசிப் பெயருக்கு வரும்போதுதான் குரல் உடையும். கடிந்து பேசியிருந்தால் அதை வேலைக்காகப் பேசியதாக எடுத்துக்கொள்ளுங்கள் என்ற வேண்டுகோள் அதற்கு அடுத்து வரும்.

குறைவாக இருப்பது அடுத்தவருக்கு விட்டுச்செல்லும் செய்தி. பொறுப்பு ஒப்படைப்புப் படிவத்தில் சாவிகளும் பதிவேடுகளும் முத்திரைகளும் எழுதப்படும். மனதில் இருப்பது எழுதப்படாது. எந்தக் கிராமத்தில் புலப்படத்துக்கும் தரையில் கிடக்கும் கல்லுக்கும் பொருந்தாது என்று நில அளவருக்குத் தெரியும். எந்த ஏரியின் வரத்துக் கால்வாய் எந்தத் தெருவுக்குள் மறைந்துபோனது, எந்த மதகின் பலகை மழைக்கு முன்பே மாற்றப்பட வேண்டும் என்பது நீர்வளத் துறையின் பழைய பாசன உதவியாளருக்குத் தெரியும். அந்த மனிதர் ஏற்புரையில் பத்து நிமிடம் இதைச் சொன்னால், சால்வையும் மாலையும் வாங்கிய விழா ஊருக்குப் பயன்பட்டதாகும். தமக்குப் பின் வருபவர் தெரிந்துகொள்ள வேண்டியதைப் பட்டியலாகப் படித்துக் காட்டும் சிலரும் இருக்கத்தான் செய்கிறார்கள். அவர்களுடைய பேச்சைத்தான் இளையவர்கள் குறித்துக்கொள்கிறார்கள்.

விழாவே வேண்டாம் என்றவர்களும் உண்டு. சென்னை உயர் நீதிமன்றத்தில் சுமார் 96,000 வழக்குகளை முடித்துவைத்த நீதிபதி கே. சந்துரு, 2013 மார்ச் 8 அன்று ஓய்வு பெற்றபோது வழக்கமான பிரிவு விழாவை ஏற்கவில்லை. தம் சொத்துக் கணக்கை ஒப்படைத்தார், அரசு காரைத் திருப்பிக் கொடுத்தார், புறநகர் மின்சார ரயிலில் வீட்டுக்குப் போனார். பேச்சு இல்லாமலேயே கணக்குச் சொன்ன விடைபெறல் அது. 2018இல் உச்ச நீதிமன்ற நீதிபதி செலமேஸ்வரும் வழக்கறிஞர் சங்கத்தின் பிரிவு விழா அழைப்பை மறுத்தார். கடைசி வேலை நாளில் தலைமை நீதிபதியோடு அமர்வில் மட்டும் உட்கார்ந்தார்.

பேச வாய்ப்பு அமையாதவர்களுக்குக் கடிதம் இருக்கிறது. 2021 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி சஞ்ஜிப் பானர்ஜி மேகாலயாவுக்கு மாற்றப்பட்டபோது, விழா எதுவும் இல்லாமல் சாலை வழியே கிளம்பிவிட்டார். அவர் விட்டுச் சென்ற கடிதம், நேரில் விடைபெறாததற்குச் சக நீதிபதிகளிடம் மன்னிப்புக் கேட்டது. வழக்கறிஞர்கள் தம்மிடம் காட்டிய பொறுமையைப் பாராட்டியது. நீண்ட நேரம் வேலை வாங்கியதற்கு ஊழியர்களிடம் வருத்தம் சொன்னது. அவர்கள் பணிபுரியும் நிலவுடைமைக் காலத்துப் பண்பாட்டை முழுதாக உடைக்க முடியாமல் போனதை ஒப்புக்கொண்டது. பதினொரு மாதம் தமக்கும் மனைவிக்கும் வீடாக இருந்த மாநிலத்துக்கு நன்றி சொன்னது. நீதிமன்றத்தில் கோப்பு சுமப்பவர்களும் வாசலில் நிற்பவர்களும் தங்களுக்கென்று தலைமை நீதிபதி எழுதிய வரிகளைச் செய்தித்தாள்களில் படித்தார்கள்.